தோலுக்குள் போன வெளிச்சம்

காரைக்கால் வைத்திய வரலாறு – அத்தியாயம் 17

காவிரிக் கடைமடையில் ஒரு பெண்ணின் கழுத்திலோ கையிலோ வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு மருந்தைப் பற்றியதாக இருக்காது. கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும். அடுத்தது வைத்தீஸ்வரன்கோயில். காரைக்காலிலிருந்து வடக்கே பஸ் ஏறிப் போய், சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் செலுத்தி, திருச்சாந்துருண்டை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். தோல் டாக்டரின் முறை மூன்றாவதாகத்தான் வரும். அதற்குள் சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம் ஓடியிருக்கும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வெளிறிய திட்டு வெறும் தேமலாக இருக்கலாம்; ஒரு களிம்பில் போய்விடும். வெண்புள்ளியாக இருக்கலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை, யாருக்கும் ஒட்டாது, மனசுக்குத்தான் பாரம். தொழுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மூன்றையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது அனுபவஸ்தர்களுக்கே சில சமயம் தகராறு. தொழுநோய்க் கிருமியை நார்வே டாக்டர் ஹான்சன் 1873-இல் கண்டார். ஆனால் ஒருவரின் தோலில் அது இருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கீறியாக வேண்டும். காது மடலை ரத்தம் ஓடாதபடி இறுக்கிப் பிடித்து, 5 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் கீறி, கசியும் திசுநீரைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1930-களில் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய செங்கல்பட்டிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆய்வு மருத்துவமனையிலும் இந்தக் கீறல்தான் தினப்படி வேலை.

கீறாமல், குத்தாமல், தோலுக்குள் பார்க்க முடியாதா? இந்த அத்தியாயம் அப்படிப் பார்க்க முயன்றவர்களின் கதை. அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைத் தோலைப் பார்த்துக் கருவி செய்தவர்கள். கருவி கப்பலேறி நம் ஊர்ப் பக்கம் வந்தபோது கறுப்பும் மாநிறமுமான தோலில் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. கதையின் சுவாரசியமே அங்கேதான்.

நான்சியில் ஒரு கைவரிசை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்றொரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார். குறும்புக்காரர். 1904-இல் பிரான்ஸின் நான்சி நகருக்குப் போனார். அங்கே ரெனே ப்ளான்லோ என்ற பேராசிரியர், 'என்-கதிர்' என்ற புதிய கதிரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டறையில் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, கருவியின் உயிர்நாடியான பட்டகத்தை வுட் சத்தமில்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டார். ப்ளான்லோவுக்குக் கதிர் அப்போதும் 'தெரிந்துகொண்டே' இருந்தது. வுட் அதை 'நேச்சர்' இதழில் எழுத, என்-கதிர் அத்தோடு முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1903-இல், வுட் ஒரு வடிகட்டி செய்திருந்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்து, புற ஊதாவை மட்டும் வெளியே விடும் வடிகட்டி. பிற்காலத்தில் அதற்குப் பயன்பட்ட கண்ணாடி பேரியம் சிலிக்கேட்டில் 9 சதவீதம் நிக்கல் ஆக்சைடு கலந்தது. அதைத் தாண்டி வரும் ஒளியின் உச்சம் 365 நானோமீட்டர். முதல் உலகப் போரில் எதிரி கண்ணில் படாமல் ஒளிச்சைகை அனுப்ப இந்த வித்தை உதவியது. நோயாளியைப் பற்றி வுட் நினைக்கவே இல்லை.

நினைத்தவர்கள் பிரெஞ்சு டாக்டர்கள். 1925-இல் மோன்பெலியே நகரத்தைச் சேர்ந்த மார்கரோவும் தெவேசும் இந்த விளக்கைத் தலையில் படை வந்தவர்கள் மேல் பிடித்தார்கள். பூஞ்சை பிடித்த முடிகள் இருட்டில் பச்சையாக மின்னின. அன்று முதல் அது தோல் டாக்டர்களின் விளக்கு. வுட்ஸ் விளக்கு என்ற பெயரும் நிலைத்தது.

அந்த 1925-இல் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசிடமிருந்து பெற்ற ஊர். 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியைப் பற்றி முன் அத்தியாயங்களில் விரிவாகவே வந்துவிட்டது. அதன் வாரிசாக ஜிப்மர் 1964-இல் உருவாகி, 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, 2016-இல் காரைக்காலிலும் எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்கியது. மோன்பெலியேயில் தொடங்கிய விளக்கு, பிரெஞ்சு மரபில் பிறந்த ஒரு பள்ளியின் வாரிசு மாணவர்களுக்கு இன்று பாடம். வேடிக்கையான சுற்றுவழி.

விளக்கு செய்வது இவ்வளவுதான். புற ஊதாவைச் சில பொருள்கள் விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பி உமிழும். மேல்தோலின் நிறமியான மெலனின் அந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும். வெண்புள்ளியில் மெலனின் அறவே இல்லை. எனவே ஒளி தடையின்றி உள்ளே போய், அடித்தோலின் கொலாஜன் நாரை ஒளிரச் செய்து, திட்டு சுண்ணாம்பு வெள்ளையாக, கொஞ்சம் நீலம் கலந்து பளிச்சிடும். விளிம்பு வெட்டினாற்போல் தெரியும். தொழுநோய்த் திட்டில் நிறமி குறைந்திருக்குமே தவிர முழுக்கப் போயிருக்காது. ஆகவே அந்தப் பளிச்சிடல் வராது. தேமல் மஞ்சளாக ஒளிரும். தொடை இடுக்கிலும் கால்விரல் இடுக்கிலும் வரும் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா நோயைப் படர்தாமரை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு போட்டுப் போட்டு அலுத்துப்போனவர்கள் உண்டு. விளக்கின் கீழ் அது பவளச் சிவப்பு. எரித்ரோமைசின் கொடுத்தால் போய்விடும்.

வெள்ளைத் தோலில் வெண்புள்ளி வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் ஐரோப்பிய டாக்டருக்கு விளக்கு அவசியம். நம் ஊரில் அது தெருமுனையிலிருந்தே தெரியும். இங்கே விளக்கின் வேலை வேறு: நிறமி முழுக்கப் போய்விட்டதா, பாதிதான் போயிருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது, வைத்தியம் தொடங்கிய பிறகு திட்டுக்குள் நிறம் திரும்புகிறதா என்று மாதாமாதம் பார்ப்பது.

விளக்கை ஏமாற்றவும் செய்யலாம். சோப்பு மிச்சம், களிம்பு, சாலிசிலிக் அமிலம், துணிநூல் எல்லாமே அதன் கீழ் ஒளிரும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் மஞ்சள்-பச்சையாக ஜொலிக்கும். வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூளில் துவைத்த வேட்டி நீலமாகப் பற்றி எரிவதுபோல் தெரியும். அனுபவமுள்ள டாக்டர்கள் அன்று களிம்பு, மஞ்சள் எதுவும் பூசாமல் வரச் சொல்வது இதனால்தான்.

எண்ணெய் ஒரு சொட்டு

தோலைப் பெரிதாக்கிப் பார்ப்பது விளக்கைவிடப் பழைய ஆசை. பிரெஞ்சு வைத்தியர் பியர் போரெல் 1655, 56 வாக்கில் நகக்கண்ணின் நுண் ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். 1663-இல் கோல்ஹாஸ் என்ற ஜெர்மானியரும் பார்த்தார். நகக்கண்ணைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அங்கே ரத்தக்குழாய்கள் தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும், மேல்தோலும் மெல்லிது. தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோயைக் கண்டறிய இன்றைக்கும் டாக்டர்கள் நகக்கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். 2013-இல் வெளியான சர்வதேச அளவுகோலில் அதற்கென்றே மதிப்பெண் இருக்கிறது.

மற்ற இடங்களில் இடைஞ்சல் செய்தது பளபளப்பு. காற்றிலிருந்து தோலுக்குள் நுழையும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. அந்தக் கூச்சத்தில் உள்ளே இருப்பது மறைந்துபோகிறது. ஹாம்பர்க் நகரத்துத் தோல் வைத்தியர் பால் கெர்சன் உன்னா 1893-இல் அதற்கு வழி சொன்னார்: தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே கண்ணாடியை அழுத்து. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிவதுபோல, தோலும் உள்ளே தெரியத் தொடங்கியது. 1920-களின் தொடக்கத்தில் மியூனிக்கில் யோஹான் சாஃபியர் இந்த முறைக்கு டெர்மாஸ்கோப்பி என்று பெயர் வைத்தார். பிறகு அரை நூற்றாண்டு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1971-இல் ஸ்காட்லாந்தின் ரோனா மக்கீ, மச்சம் புற்றாக மாறுகிறதா என்று அறுக்குமுன் தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்தினார். 1987-இல் வியன்னா டாக்டர்கள் பெஹாம்பெர்கர், ஸ்டைனர், வோல்ஃப் மூவரும் மச்சங்களின் உட்கோலங்களை வகைப்படுத்தினார்கள். 1989 வாக்கில் கையடக்கக் கருவி வந்தது. 2001-இல் வந்த டெர்ம்லைட், குறுக்காக வைத்த இரண்டு துருவமுனைப்பு வடிகட்டிகளால் பளபளப்பை நீக்கியது. எண்ணெய் தேவையில்லை, தோலைத் தொடவும் வேண்டாம்.

கருவி காட்டுவது வெறும் பெரிதாக்கிய படம் இல்லை, ஆழத்தையும் சொல்கிறது. ஒரே மெலனின் மேல்தோலின் உச்சியில் இருந்தால் கறுப்பு, அடுக்கின் அடியில் பழுப்பு, அடித்தோலில் இறங்கிவிட்டால் சாம்பல், இன்னும் கீழே நீலம். நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ஆழத்துக்குப் போய்விட, குட்டையான நீலம் சிதறித் திரும்பி வருவதால் இப்படி. பிறந்த குழந்தைகளின் முதுகின் அடியில் தெரியும் நீலத்திட்டு, நிஜத்தில் ஆழத்தில் கிடக்கும் பழுப்பு நிறமிதான்.

மேற்கில் இந்தக் கருவி மச்சத்துக்காகப் பிறந்தது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்று அங்கே பெரிய பிரச்சினை. இந்தியாவில் அது ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், நகத்தடியில் வருகிறது. வியன்னாவின் கோலங்கள் உள்ளங்காலுக்குப் பொருந்தவில்லை. அதற்கு விடை கண்டவர் ஜப்பானின் தொஷியாக்கி சாய்தா. பாதத்து ரேகைகளின் பள்ளத்தில் நிறமி ஓடினால் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். வரப்பிலும் மணலிலும் செருப்பில்லாமல் நடந்து பழகிய ஊரில் பாதத்தில் ஒரு கருமை வந்தால் முள் குத்தியதா, ரத்தக் கட்டா, காய்ப்பா, புற்றா என்ற கேள்விக்கு இந்த ஒரு விதி பெரிய உதவி.

அப்படியானால் மச்சப் புற்று அபூர்வமான நாட்டில் டெர்மாஸ்கோப் எதற்கு? இந்தியத் தோல் டாக்டர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் உதய் கோப்கர் மாநிறத் தோலுக்கும் முடிக்குமான டெர்மாஸ்கோப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். கர்நாடகத்தின் பாகல்கோட்டில் பாலச்சந்திர அங்கட் கறுப்புத் தோலில் அன்றாட நோய்களின் கோலங்களைத் தொடர்ந்து பதிவு செய்தார். படர்தாமரை, சொறி, புழுவெட்டு, மங்கு, கரப்பான், தொழுநோய்த் திட்டு என்று கருவியின் சம்சாரம் பெருகிற்று.

படர்தாமரை இதில் தனிக்கதை. கடலோரத்துப் புழுக்கத்தில் அது எப்போதும் உண்டு. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுவதும் பரவிய படர்தாமரை, பழைய மருந்துக்கு அடங்குவதில்லை. அதன் பின்னாலிருந்த பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இன்டோடினே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டார்கள். பெருமைப்பட முடியாத பெயர்சூட்டு விழா. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலவைக் களிம்பும் இந்த நிலைக்கு ஒரு காரணம். பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், திட்டின் வட்ட வடிவம் கலைந்துபோகும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். மேலே பூசும் ஸ்டீராய்டு வகைகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவிட்டது. கடைத்தெருவில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வாசகர்களுக்கே தெரியும்.

இந்தப் பூஞ்சையிடம் மோன்பெலியே விளக்கு தோற்றுவிடுகிறது. பூனை, நாயிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் பச்சையாக ஒளிரும். டிரைக்கோஃபைட்டன் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. இங்கே டெர்மாஸ்கோப் கைகொடுக்கிறது. திட்டுக்குள் உள்ள பூனைமுடிகள், அதாவது உடம்பின் மெல்லிய முடிகள், வெளிறியோ, விட்டுவிட்டு வெளுத்த கோடுகளாகவோ தெரிந்தால் பூஞ்சை முடிக்குழிக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். களிம்பு போதாது, மாத்திரை வேண்டும். ஒரு பைசா கூடுதல் பரிசோதனை இல்லாமல் கிடைக்கும் முடிவு.

தொழுநோயிலும் கருவி சில குறிப்புகள் தரும். திட்டுக்குள் முடி குறைந்திருக்கும். வியர்வைத் துளைகளாகத் தெரியும் வெள்ளைப் பொட்டுகள் குறைந்திருக்கும். ஆனால் நரம்பு மரத்துப்போவதை எந்த ஒளியும் காட்டுவதில்லை. கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லும் பழைய சோதனையை ஒதுக்க முடியாது. தேசிய அளவில் நோயாளிகள் பத்தாயிரத்தில் ஒருவருக்குக் கீழே குறைந்துவிட்டதாக 2005 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பிறகும், பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்தியாவில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்பட்டு வந்திருக்கிறது.

நிறமியின் கணக்கு

கருவி ஒன்றுதான், தோல் வேறு. அழற்சி வந்தால் தோல் சிவக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மாநிறத்தில் அது ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும்; கருநிறத்தில் தெரியாமலே போகலாம். டெர்மாஸ்கோப்பில் ரத்தக்குழாய்க் கோலம் மங்கிவிடும். சொறிப்பூச்சி உள்ளே தோண்டிப்போன பாதையின் நுனியில் ஒரு சிறு கறுப்பு முக்கோணமாகத் தெரியும் என்று 1997-இல் இத்தாலிய ஆய்வு சொன்னது. விடுதிப் பிள்ளைகளின் கைவிரல் இடுக்கில் அந்த முக்கோணத்தைத் தேடும் நம் டாக்டருக்கு, சுற்றியுள்ள தோலும் கறுப்பாக இருப்பதால் கண் வலிப்பதுதான் மிச்சம். நடுவயதுப் பெண்களின் கன்னத்தில் வரும் மங்கு மேல்தோலில் இருக்கிறதா, அடித்தோலிலா என்று வுட்ஸ் விளக்கில் பார்த்து வைத்தியம் தீர்மானிப்பது வழக்கம். 1981-இல் ஹார்வர்டு குழு செய்த வகைப்பாட்டிலேயே, கருநிறத் தோலில் விளக்கு எதையும் சொல்லாது என்று தனியாக ஒரு பிரிவு வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் குழுவில் இருந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்தான் உலகத்துத் தோல் நிறங்களுக்கு எண் கொடுத்தவர். 1975-இல் ஒரு பிரெஞ்சு இதழில், 'வெயிலும் தோலும்' என்ற பொருள் தரும் தலைப்பில் அதை வெளியிட்டார். ஒளி சிகிச்சைக்கு வருபவருக்கு எவ்வளவு புற ஊதா கொடுத்தால் வெந்துபோகாது என்று கணக்கிடுவது நோக்கம். முதலில் நான்கே வகை. நான்கும் வெள்ளைத் தோலுக்குள்தான். பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னால் சேர்ந்தன. உலகத்தின் பெரும்பான்மைத் தோல், பட்டியலின் வாலில் இடம் பிடித்தது.

கொரோனா காலத்தில் வீடுவீடாக வந்த ஆக்சிஜன் மானியும் இதே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. விரல் வழியாகச் சிவப்பும் அகச்சிவப்பும் அனுப்பி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் மானி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டியது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கணிப்பொறி வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு பழக்கிய நிரல் தோல் புற்றைக் கண்டுபிடிப்பதில் 21 தோல் டாக்டர்களுக்கு ஈடாக நின்றது என்று 2017-இல் உலகமே பேசியது. இப்படிப்பட்ட படக்குவியல்களில் கருநிறத் தோல் அபூர்வம் என்று அடுத்த ஆண்டே எச்சரிக்கை எழுந்தது. 2022-இல், எல்லா நிறமும் கலந்த 656 படங்களைக் கொண்டு சோதித்தபோது, பெயர் பெற்ற நிரல்கள் கருநிறத்தில் சறுக்கின. காரைக்காலிலிருந்து கைபேசியில் எடுத்த படத்தைத் தொலைவிலுள்ள டாக்டருக்கு அனுப்புபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முகத்தை அழகாக்கிக் காட்டும் கேமரா, டாக்டர் பார்க்க வேண்டிய நிற வேறுபாட்டையும் சேர்த்தே வெளுத்துவிடும்.

பவ்பஜார் தெருவிலிருந்து

மெலனின் எப்போதும் இடைஞ்சல்தானா? இல்லை என்று காட்டியவர்களில் முக்கியமானவர் மிலிந்த் ராஜாத்யக்ஷா. பாஸ்டனின் வெல்மன் ஆய்வகத்தில், லேசர் ஒளியை ஒரு நுண்புள்ளியில் குவித்து, அந்த ஆழத்திலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியாக எடுக்கும் நுண்ணோக்கியை உயிருள்ள தோலுக்குப் பழக்கினார். அந்தத் தத்துவத்துக்கு மார்வின் மின்ஸ்கி 1957-இலேயே காப்புரிமை கோரியிருந்தார். 1995-இல் வெளியான ராஜாத்யக்ஷா குழுவின் கட்டுரை சொன்ன சேதி, படத்தில் மிக நன்றாக ஒளிவீசுவது மெலனின் என்பது. மெலனின் துகள்களின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள செல்களைவிட அதிகம் என்பதால் அவை ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்புகின்றன. வுட்ஸ் விளக்கை மறைத்த அதே நிறமி இங்கே சாயமாக வேலை செய்கிறது. கருநிறத் தோலின் அடியடுக்குச் செல்கள் வரிசையாகப் பளிச்சென்று தெரிகின்றன. ஊசி இல்லை, சாயம் இல்லை. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாது என்பதும், விலையும் இதன் குறைகள். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் 1991-இல் அமெரிக்காவில் பிறந்த ஓ.சி.டி. இருக்கிறது; கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுக்கும் அதே வகைக் கருவி.

காவிரிக்கரைக்காரர் ஒருவரும் இந்தக் கதைக்குள் வருகிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, கொல்கத்தா பவ்பஜார் தெருவின் ஆய்வுக்கூடத்தில் 1928 பிப்ரவரி 28-இல் கண்டது: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவு, அந்தப் பொருளின் மூலக்கூறு அதிர்வுக்கேற்ப நிறம் மாறித் திரும்புகிறது. அதே ஆண்டில் அதைத் தன் ஆய்வகத்தில் சரிபார்த்து, உண்மைதான் என்று 'நேச்சர்' இதழுக்குத் தந்தி அனுப்பியவர் யார் தெரியுமா? நான்சியில் பட்டகத்தைக் கழற்றிய வுட்! பிரெஞ்சுக்காரரின் கதிரைச் சாகடித்த ஆள் கையொப்பம் போட்டால் அதற்குத் தனி மதிப்புத்தானே. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கோடியில் ஒன்றைத் தோலில் பிடிக்க லேசர் வர வேண்டியிருந்தது. இன்று மேல்தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஆழவாரியாக அளக்க ராமன் கருவி பயன்படுகிறது. வான்கூவர் டாக்டர்கள் 518 தோல் கட்டிகளில் அதைப் பிடித்துப் பார்த்து, புற்றா இல்லையா என்பதற்கு ஒரு விநாடிக்குள் குறிப்புத் தரமுடியும் என்று 2012-இல் எழுதினார்கள். மெலனின் இங்கே மறுபடியும் குறுக்கே நிற்கிறது. அது கக்கும் ஒளிர்வில் பலவீனமான ராமன் ஒளி அமிழ்ந்துவிடும். அதனால்தான் அகச்சிவப்பை ஒட்டிய 785 நானோமீட்டர் லேசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

புண்ணில் தெரியும் நிறம்

மார்கரோவும் தெவேசும் முடியில் கண்ட ஒளிர்வு, ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு சென்னையில் இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் என்ன கிருமி இருக்கிறது என்பது காலைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்ற அளவுக்குப் போகும் கேள்வி. பல பாக்டீரியாக்கள் போர்ஃபிரின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. ஊதா ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். சூடோமோனாஸ் உண்டாக்கும் நிறமி பச்சை கலந்த நீலமாக ஒளிரும். கனடாவின் மாலிக்யூலைட் இந்த அடிப்படையில் வந்த கருவி. சென்னையில் 2015-இல் கீதாஞ்சலி ராதாகிருஷ்ணன் தொடங்கிய அடியுவோ டயக்னாஸ்டிக்ஸ், பல அலைநீளங்களில் படமெடுத்து, கிருமியின் வகையைக் கணிப்பொறி கொண்டு பிரித்துச் சொல்லும் இல்லுமினேட் என்ற கையடக்கக் கருவியைச் செய்தது. ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் அதைப் பாதப் புண்களில் சோதித்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். சோதித்த தோல்களும் நம் ஊர்த் தோல்களே. முன்சொன்ன படக்குவியல் வழக்கு இங்கே கொஞ்சம் இளகுகிறது.

புண்ணில் மேல்தோலே இல்லை என்பதால் மெலனினின் தொந்தரவும் அங்கே குறைவு. ஆனால் ஊதா ஒளி திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். எலும்பை எட்டிவிட்ட சீழை அது பார்க்காது. புண்ணின் எந்த இடத்தில் பஞ்சை ஒற்றி மாதிரி எடுப்பது, எந்த ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என்பதற்குப் படுக்கையருகிலேயே நிமிஷத்தில் வழி காட்டும். எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்பதற்கு மாதிரியைக் கல்ச்சருக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். அதன் முடிவு வர இரண்டு, மூன்று நாள்.

(தொடரும்)